எந்தக் கை?

அத்தியாயம் பதினேழு

எட்டு விநாடி. ஒரு வலை, ஒரு வலை ஊசி, இரண்டு கைகள். முகம் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரச் செய்திக்குப் பிறகு அந்த எட்டு விநாடி விளம்பரம் முதல் தடவையாகத் தொலைக்காட்சியில் போனது. சனிக்கிழமை விடிந்தபோது மன்னார்க் கரையில் கீரியிலிருந்து அரிப்பு வரைக்கும் எல்லாருடைய கைபேசியிலும் அது இருந்தது.

அன்ரோனெற் தங்கை மாக்கிறட்டின் குசினியில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடிக்கிறாள் என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்று கோப்பையை வாயில் வைத்து வைத்து எடுத்தாள். காலையிலிருந்து ஒரே மோட்டார்சைக்கிள் மூன்று தடவை ஒழுங்கையால் போய்விட்டது. மூன்றாவது தடவை படலையடியில் கொஞ்சம் நின்று போனது.

"உன்ர நாடகத்தில அந்த மாமியாரைச் சாகடிச்ச நேரமே நான் நினைச்சனான், இவளுக்கு ஆக்களை நிம்மதியா இருக்க விடத் தெரியாதெண்டு." மாக்கிறட் தேங்காய் துருவியபடி சொன்னாள். அவள் கோபமாக இருக்கும்போது துருவலில் ஓட்டின் கறுப்பும் சேர்ந்து விழும். இன்று நிறைய விழுந்தது.

கொழும்பில் ஒரு தமிழ் அலைவரிசையில் இருபத்திரண்டு வருடம். ஒளிப்பதிவு நாடாக்களைச் சுமந்துகொண்டு மாடி ஏறி இறங்கியதில் தொடங்கியது அன்ரோனெற்றின் வேலை. பிறகு உப்பளத்துப் பெண்களைப் பற்றி ஒரு ஆவணப்படம், மீள்குடியேறிய பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றி இன்னொன்று. பரிசு கொடுத்தார்கள், கைதட்டினார்கள், பிறகு 'சனம் நாடகம் தான் கேக்குது' என்றார்கள். 'பன்னிரண்டாம் இலக்க வீடு' நானூற்றுப் பன்னிரண்டு பகுதி போனது. மன்னாரில் அவளை மறித்து ஒருவரும் உப்பளத்தைப் பற்றிக் கேட்டதில்லை. மாமியாரை ஏன் கொன்றாய் என்று தான் கேட்டார்கள்.

நாடகத்தில் ஒருவர் செத்தால் கனவில் திரும்பி வரலாம். காட்சி பிழையாகப் போனால் இன்னொரு தடவை எடுக்கலாம். ஒன்பது வருடத்துக்குப் பிறகு மறுபடி ஆவணப்படத்துக்கு வந்தபோது, இங்கே அந்த வசதி இல்லை என்பதை அவள் மறந்துபோயிருந்தாள். இந்தக் கரையில் டைனமைற் எறிந்து மீன் பிடிப்பதைப் பற்றிய படம் அது. நாளை ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முழுதாகப் போகப்போகிறது.

நாளைக் காலை இன்னொன்றும் இருந்தது. மாக்கிறட்டின் மகள் டினோஜாவுக்கும் ஜெனிஸ்ரனுக்கும் கலியாணம் என்று கோயிலில் மூன்றாவது ஞாயிறாகப் பெயர் வாசிப்பார்கள். பலகாரச் சூட்டுக்கு மா இடித்து வைத்தாயிற்று.

முன்வீட்டுப் பூமணி படலையைத் திறந்த வேகத்திலேயே விசயத்தையும் திறந்துகொண்டு வந்தாள். "மாக்கிறட், உன்ர மருமோனை விடிய நாலு மணிக்கே பிலேந்திரன் சம்மாட்டி அரிப்பு வாடிக்குக் கூப்பிட்டவராம். தெரியுமோ?"

"வேலைக்குத் தானே. வள்ளத்தின்ர முதலாளி கூப்பிட்டாப் போகத் தானே வேணும்."

"வேலை தான். ஒரு கிழிஞ்ச வலையைப் பொத்திக் காட்டச் சொல்லி. எல்லாரும் சுத்தி நிண்டு பாக்கினமாம்." பூமணி குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் அது ஒழுங்கைக்குக் கேட்கும் குரல். "ரீவீயில வாற கை இடக்கை தானே? இந்தக் கரையில இடக்கையால வலை பொத்துறது ஆர்? சொல்லு பாப்பம்."

மாக்கிறட்டின் கை துருவலையில் நின்றது.

யாரும் சொல்லத் தேவையில்லை. சின்ன வயதிலிருந்தே ஜெனிஸ்ரன் பொத்திய வலையை மற்றவர்கள் தொடர மாட்டார்கள். அவன் போடும் முடிச்சு மறுபக்கம் பார்த்து விழும். அவன் விட்ட இடத்தில் வேறு ஒருவன் ஊசியை எடுத்தால் வலைக் கண் கோணிக்கொண்டு போகும்.

"அந்த ஆள் என்ன சொல்லுது அதில?" என்று மாக்கிறட் கேட்டாள். அவள் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை.

பூமணி பாடமாக்கி வைத்திருந்தாள். "'அண்டைக்கு வள்ளத்தில நாங்கள் மூண்டு பேர் தான்' எண்டு. குரலையும் மாத்தி, அதோட வெட்டிப் போட்டினம். டைனமைற் வெடிச்சு றொசாந்தன்ர கை போன அண்டைக்குச் சம்மாட்டியின்ர வள்ளத்தில போனது ஆர் ஆர்? றொசாந்தன், ஜெனிஸ்ரன், உன்ர மனுசன். றொசாந்தனுக்கு வலக்கை இல்லை. உன்ர மனுசன் வலக்கைக்காரன். மிச்சம் ஆர்?"

விறாந்தையில் கதிரையில் இருந்த லோறன்ஸ் எழும்பவில்லை. மாக்கிறட்டின் கணவன், ஐம்பது வயது, கடலில் நாற்பது வருடம். அவனுடைய வலது கை தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்திருந்தது. அன்ரோனெற் அந்தக் கையைப் பார்த்தாள். அவன் அவள் பார்ப்பதைப் பார்த்தான். கோப்பையை மெல்ல இடது கைக்கு மாற்றினான்.

அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது. படத்தில் இருப்பது லோறன்ஸ்.

*

கிணற்றடியில் வைத்துத் தான் கதைக்க முடிந்தது. கப்பி சத்தம் போடட்டும் என்று லோறன்ஸ் சும்மா தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினான்.

"கை மாறிக் கிடக்கு, மச்சாள்."

"ஓம்."

"எப்பிடி மாறினது?"

அவளுக்கு அது விடியற்காலையில் தான் விளங்கியிருந்தது. விளம்பரத்தை வெட்டியது பைறூஸ், அவளுடைய படத்தொகுப்பாளன், பத்து வருடக் கூட்டாளி. நிகழ்ச்சியின் பெயரையும் நேரத்தையும் திரையின் வலது பக்கம் எழுதவேண்டும். அந்த இடத்தில் லோறன்ஸின் கை நின்றது. பைறூஸ் கண்ணாடியில் திருப்புவது போலப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டான். தொலைக்காட்சியில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்கிற வேலை. முகமில்லாத படத்தில் எந்தக் கை என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

கொழும்பில் ஒருவரும் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, மதவாச்சி தாண்டி, தீப்பெட்டி அளவு படத்தைக் கைபேசியில் பார்த்து, நல்லாயிருக்கு என்று ஒரு பெருவிரலை அனுப்பிவிட்டாள். வலை பொத்துகிற தகப்பனுக்கு ஊசியில் நூல் சுற்றிக் கொடுத்து வளர்ந்தவள்.

"மூண்டு பேர் எண்ட கதையை வெட்டுறன் எண்டு சொன்னீங்கள்," என்றான் லோறன்ஸ். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"சொன்னனான்."

வெட்டவில்லை. அந்த வரி நன்றாக இருந்தது. அவன் அதைச் சொல்லும்போது ஊசி ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது. ஒரு இயக்குநருக்கு வாழ்க்கையில் ஒன்றிரண்டு தடவை கிடைக்கிற இடம் அது. வெட்டவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள், ஒவ்வொரு நாளும் இன்னொரு தடவை பார்த்தாள், விட்டுவிட்டாள்.

லோறன்ஸ் வாளியைக் கீழே வைத்தான். "உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். நேற்று அதைப் பாத்த உடன எனக்கு விளங்கீற்று, இது நான் இல்லை எண்டு தான் சனம் நினைக்கும் எண்டு. ரெண்டு மாசமா எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை மச்சாள். நேற்று நித்திரை கொண்டனான்."

அவன் அதைச் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தான்.

விடியற்காலையில் விளங்கிய அந்த முதல் நிமிடத்தில் அன்ரோனெற்றின் நெஞ்சுக்குள்ளும் ஏதோ ஒன்று இலேசாகியிருந்தது. அதன் பெயர் என்ன என்று அவள் தேடவில்லை. பூமணி வந்து சொல்லும் வரைக்கும் அந்த இலேசோடு தான் சீப்பால் தலை இழுத்தாள், பல் தீட்டினாள்.

"ஜெனிஸ்ரனை என்ன செய்யிறது, லோறன்ஸ்?"

"வெருட்டுவாங்கள். விடுவாங்கள்."

"விடாட்டில்?"

அவன் மறுபடி வாளியைக் கிணற்றுக்குள் விட்டான். கப்பி கிறீச்சிட்டது.

பைறூஸை அழைத்தபோது அவன் முதலில் சிரித்தான். "என்ன அக்கா, வெளம்பரம் நல்லா ஓடுதாமே!" அவள் சொல்லி முடித்தபோது அவனிடம் சிரிப்பு இல்லை.

"யா அல்லாஹ். முழுப் படத்துல நான் திருப்பல்ல அக்கா. அதுல உள்ளபடி வலது கை தான் இருக்கி. நாளைக்கு அது தான் போகும்."

அதாவது நாளை இரவு எட்டு மணிக்கு ஜெனிஸ்ரன் தப்புவான், லோறன்ஸ் பிடிபடுவான்.

"மாத்தலாமா?"

"இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள சொன்னா மாத்தலாம். பொறகு ஏலா." கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். "எந்தக் கைய வைக்க, அக்கா?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

*

ஒன்றரைக்கு டினோஜா முச்சக்கர வண்டியைப் படலையடிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பாலர் பள்ளி ரீச்சர். அழுது முடித்து முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். "ஒருத்தரும் வராட்டில் நான் தனிய போறன்."

"உனக்கென்ன விசரோ?" மாக்கிறட் கத்தினாள்.

"நான் கூட்டிக்கொண்டு போறன்," என்றாள் அன்ரோனெற்.

தள்ளாடிச் சந்தியில் இரண்டு கழுதைகள் வீதியின் நடுவில் நின்றன. சாரதி ஹோர்ன் அடித்துக் களைத்து இறங்கித் துரத்தினான். வேறொரு நாளாயிருந்தால் டினோஜா சிரித்திருப்பாள்.

"அவர் கதைக்கேல்ல, பெரியம்மா. நேற்று எனக்குச் சத்தியம் பண்ணினவர். 'என்ர கை மாதிரித் தான் இருக்கு, ஆனா நான் இல்லை' எண்டு."

"தெரியும்."

"தெரியுமெண்டா ஆர் எண்டும் உங்களுக்குத் தெரியும் தானே? நீங்கள் தானே எடுத்தனீங்கள்." டினோஜா அவளுடைய கையைப் பிடித்தாள். "அந்தாளின்ர பேரைச் சம்மாட்டியிட்டச் சொல்லுங்கோ. ஆரோ ஒருத்தன் ஒளிச்சுக்கொண்டு கதைச்சதுக்கு இவர் ஏன் அகப்படோணும்? அந்த ஆளுக்கு வெக்கமில்லையோ?"

அன்ரோனெற் வெளியே பார்த்தாள். வங்காலைப் பக்கம் வயல் அறுத்துக் கிடந்தது. டினோஜா பிடித்திருந்த கை வியர்த்தது. யாருடைய வியர்வை என்று தெரியவில்லை.

வாடி என்பது கரையில் ஒரு தகரக் கொட்டகை, ஐஸ் பெட்டிகள், வள்ளங்கள். பதினைந்து இருபது பேர் வட்டமாக நின்றார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. அடிப்பார்கள், கத்துவார்கள் என்று நினைத்து வந்திருந்தாள்.

நடுவில் ஜெனிஸ்ரன் நிலத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தான். காலையிலிருந்து. கால் பெருவிரல்களில் வலையை மாட்டி, இடது கையில் ஊசியோடு. விரலில் தோல் உரிந்து நூலில் சிவப்புப் பட்டிருந்தது. ஒருவன் அவனுடைய கைக்கு மேலே கைபேசியைப் பிடித்துப் படம் எடுத்தான். இன்னொருவன் தன்னுடைய கைபேசியில் அந்த எட்டு விநாடியைத் திரும்பத் திரும்பப் போட்டு இரண்டையும் பார்த்தான்.

அவளுடைய படம். அவளுடைய வேலை. எப்படி இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்?

"வாங்கோ தங்கச்சி, வாங்கோ." பிலேந்திரன் சம்மாட்டி பிளாஸ்ரிக் கதிரையை விட்டு எழும்பினார். வெள்ளைச் சேட்டு, கழுத்தில் செபமாலை. "உங்கட நாடகம் எங்கட வீட்டில ஒரு நாளும் தப்ப விடுறேல்ல. மனுசி அந்த மாமியார் செத்த அண்டு சமைக்கவேயில்லை. கதிரை கொண்டாங்கோடா."

"நான் இருக்க வரேல்ல, அண்ணை. பொடியனை விடுங்கோ."

"ஆர் பிடிச்சு வைச்சது? ஒரு வலை பொத்தச் சொன்னன். சம்பளத்துக்குத் தான்." அவர் சிரித்தார். "நான் ஒண்டும் கேக்கேல்ல. ஆனா நீங்களா ஒரு பேர் சொன்னீங்கள் எண்டா, நாளைக்குக் கோயில்ல பேர் வாசிக்கிற நேரம் நானும் முன் வாங்கில இருந்து ஆசீர்வதிப்பன்."

டினோஜா அவளுடைய முழங்கையை நசித்தாள். சொல்லுங்கோ.

திருப்பப்பட்ட படம் என்று சொன்னால் போதும். இந்த வட்டத்தில் நிற்கிற எல்லாருக்கும் மூன்றில் இரண்டைக் கழிக்கத் தெரியும். தன்னுடைய தகப்பனைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போவாள்.

கொட்டகை நிழலில் றொசாந்தன் குந்தியிருந்தான். வலது பக்கச் சேட்டுக் கை மடித்து ஊசி குத்தியிருந்தது. கை போனது திருநாள் வெடியால் என்று ஆசுப்பத்திரியில் சொல்ல வைக்கப்பட்டவன். இருபத்துநாலு வயது. லோறன்ஸ் கதைத்தது இவனுக்காகத் தான்.

"அது நடிப்பு," என்றாள் அன்ரோனெற்.

தன்னுடைய குரல் தனக்கே புதிதாகக் கேட்டது.

"என்ன?"

"அது ஒரு நடிகர். கொழும்பில வைச்சு எடுத்தது. கதையும் நான் எழுதினது. நான் நாடகக்காரி தானே அண்ணை. உங்கட மனுசிக்கே தெரியும்."

வட்டத்துக்குள் ஒரு அசைவு ஓடியது. பிலேந்திரன் அவளைக் கனநேரம் பார்த்தார். சந்தையில் மீன் பழுதோ என்று செவுள் பூவைத் தூக்கிப் பார்ப்பவரின் பார்வை. பிறகு தன்னுடைய கைபேசியை எடுத்தார்.

"அப்ப இதைப் பாத்துச் சொல்லுங்கோ. பேரையும் சொல்லி."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் கமராவுக்கு முன்னால் நின்றதில்லை. எத்தனையோ பேரிடம் 'பயப்படாதேங்கோ, என்னைப் பாத்துக் கதையுங்கோ' என்று சொல்லியிருக்கிறாள். பின்னால் நின்று சொல்வது எவ்வளவு சுலபம். அந்தச் சின்னக் கண்ணாடிப் புள்ளி அவளைப் பார்த்தது.

சொன்னாள். பெயர், வேலை, அலைவரிசை. வலை பொத்துகிறவர் நடிகர். அவர் சொல்வது எழுதிக் கொடுத்த வசனம். இந்தக் கரையில் உள்ள ஒருவருக்கும் சம்பந்தமில்லை.

"நாளைக்குப் படத்திலயும் அதை எழுத்தாப் போட்டுவிடுங்கோ. நாங்கள் பாப்பம்," என்றார் பிலேந்திரன். பிறகு ஜெனிஸ்ரனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "மிச்சத்தைத் திங்கக்கிழமை பொத்தலாம். எழும்படா மாப்பிளை."

ஜெனிஸ்ரனுக்கு உடனே எழும்ப முடியவில்லை. கால் விறைத்துப் போயிருந்தது. டினோஜா ஓடிப்போய்ப் பிடித்தாள்.

அவர்கள் திரும்பும்போது நிழலிலிருந்து றொசாந்தன் கூப்பிட்டான். "அக்கா!"

அவன் இடது கையால் ஊசியைக் கழற்றிச் சேட்டுக் கையைத் தூக்கிக் காட்டினான். உள்ளே ஒன்றுமில்லாத துணி காற்றில் ஆடியது.

"அப்ப இதுவும் நடிப்போ?"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

*

திரும்பும் வழியில் டினோஜா களைத்து ஜெனிஸ்ரனின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். வங்காலை கழிந்த பிறகு, எஞ்சின் சத்தத்துக்குள், அவன் அன்ரோனெற்றின் பக்கம் குனிந்தான்.

"பெரியம்மா. மூண்டு பேர் தானே அண்டைக்கு. நான் கதைக்கேல்ல. றொசாந்தன் கதைக்கேல்ல."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். உரிந்த விரல்களை மடிக்குள் ஒளித்து வைத்திருந்தான்.

"விடிய நாலு மணியில இருந்து கேட்டவங்கள். மாமாட்டச் சொல்லுங்கோ, நான் ஒண்டும் சொல்லேல்ல எண்டு."

இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்தே தெரிந்து, ஒரு பெயரைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு கண் கண்ணாகப் பொத்தியிருக்கிறான். அவளோ ஒரு வரியை வெட்ட மாட்டாதவள்.

எதிரே அரிப்பு வழியாகப் போகும் சிலாபத்துறை பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

கீரிக்கு வந்தபோது நாலு இருபது. பைறூஸுக்குச் சொல்ல இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. 'சித்திரிப்பு' என்று ஒரு சொல். அதை எழுதினால் இரண்டு பேரும் தப்புவார்கள். படம் செத்துப்போகும். சாகட்டும். றொசாந்தனின் அந்த வெறுந் துணி மட்டும் கண்ணுக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.

மாக்கிறட் ஓடி வந்து ஜெனிஸ்ரனைக் கட்டிப்பிடித்து, திட்டி, கையைப் பார்த்து அழுது, மஞ்சள் தேடி உள்ளே போனாள். வீடு ஒரு நிமிடம் கலியாண வீடாகவே இருந்தது.

"லோறன்ஸ் எங்க?" என்று அன்ரோனெற் கேட்டாள்.

"நீங்கள் போய்க் கனநேரம் கதிரையிலயே இருந்தார். சாப்பிடேல்ல. பிறகு சேட்டை மாத்திக்கொண்டு மூண்டு மணி பஸ்ஸுக்குப் போயிட்டார். அரிப்புக்காம்." மாக்கிறட் மஞ்சளோடு வந்தாள். "உங்களைக் கூட்டிக்கொண்டு வரத் தானே எண்டு நினைச்சன். உங்களோட வரேல்லையோ?"

அந்தப் பஸ். அந்தப் புழுதி.

அன்ரோனெற் லோறன்ஸின் எண்ணை அழுத்தினாள். மணி உள்ளே கேட்டது. அலுமாரிக்கு மேலே, செபமாலைக்குப் பக்கத்தில், அவனுடைய கைபேசி அதிர்ந்துகொண்டு இருந்தது.

அங்கே அவளுடைய பொய் ஏற்கெனவே பிலேந்திரனின் சேட்டுப் பைக்குள் இருந்தது. லோறன்ஸ் உண்மையைக் கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றாள் மாக்கிறட். ஜெனிஸ்ரனின் விரலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு, நிமிராமல், சும்மா கேட்பது போல. "அலுமாரி லாச்சியைத் திறந்து தன்ர வலை ஊசியை எடுத்துக்கொண்டு போனவர். அரிப்பில ஆரின்ர வலையைப் பொத்தப் போறார்?"

காலையிலிருந்து அந்த வட்டத்துக்குள் இருந்து பொத்திக் காட்டிய ஜெனிஸ்ரன் கையை இழுத்துக்கொண்டு எழும்பினான்.